மை காய்ந்தால் மனம் தளர வேண்டாம்

கோடை விடுமுறை முடிந்து பள்ளிகளும் கல்லூரிகளும் திறக்கும் காலம் வந்துவிட்டால், ஸ்ரீமுஷ்ணம் போன்ற சிற்றூர்களின் கடைத்தெருவிலும் ஒரு பரபரப்புத் தோன்றிவிடுகிறது. வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார் அட்டையின் நகல், கல்லூரி விண்ணப்பம் என ஏதேனும் ஒரு தாளுக்காகப் பெற்றோர் ஒரு சிறு கடையின் முன் காத்து நிற்பதைக் காண்கிறோம். கடையில் ஒரு கணினி. அதன் அருகே ஒரு பிரிண்டர். அந்த அச்சுப்பொறி ஒழுங்காக ஓடினால் அன்று அந்தக் குடும்பத்தில் கவலையில்லை. அது முரண்டு பிடித்தாலோ, கடைக்காரரின் வருவாயோடு, காத்து நிற்கும் மாணவனின் கடைசி நாளும் கைவிட்டுப் போகிறது.

ஸ்ரீமுஷ்ணத்தில் அத்தகைய கடை ஒன்றை நடத்துபவள் நம் அண்ணன் மகள். மகளிர் சுய உதவிக் குழுவில் கடன் பெற்று அவள் வாங்கிய பொறி அது. சென்ற ஆண்டு அவள் அன்னைக்கு அறுவை மருத்துவம் நடந்தது. ஆகவே மே மாதம் முழுவதும் கடை பூட்டிக் கிடந்தது. திரும்பி வந்து பொறியை இயக்கினால், கறுப்பு எழுத்துகளின் நடுவே வெள்ளைக் கோடுகள். நீல நிறமோ தாளில் விழவே இல்லை. உடனே நமக்குத் தொலைபேசியில் அழைத்தாள்.

"சித்தப்பா, நாளைக்கு விண்ணப்பம் போட எல்லாரும் வந்துடுவாங்க. மெக்கானிக் வர மூணு நாளாகுமாம். வீட்டுல இருக்கறத வச்சு ஏதாவது செய்ய முடியுமா?"

நாம் சற்றும் தயங்கவில்லை. நம் வீட்டு வெந்நீர்க் கெண்டியில் படிந்திருந்த உப்புப் படலம் வினிகரில் கரைந்து போனதைக் கண்டவர்கள் நாம். "கொஞ்சம் வினிகரை வெந்நீரில் கலந்து விட்டுப் பாரம்மா, அடைப்பு எல்லாம் கரைந்துவிடும்" என்று அறிவுரை வழங்கினோம். அவளும் நம்பிச் செய்தாள். மாலைக்குள் எஞ்சியிருந்த நிறங்களும் நின்றுவிட்டன. வந்து பார்த்த மெக்கானிக், அச்சுத்தலை இனித் தேறாது என்று கூறிவிட்டார். புதிய அச்சுத்தலையின் விலையைக் கேட்டபோது, பழைய பொறியின் விலையில் பெரும்பகுதி அதிலேயே போய்விடும் போலிருந்தது. விண்ணப்பக் காலத்தின் இரண்டு வாரங்கள் அவளுக்கு வீணாயின. "பரவாயில்லை சித்தப்பா, நீங்க நல்லதுக்குத்தானே சொன்னீங்க" என்று அவள் கூறியது, கடிந்து பேசியிருந்தால் கூட அத்துணை வருத்தியிராது.

தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோல் கூறிய குற்றம் நம்முடையது. அதற்குக் கழுவாயாக, இந்தப் பொறியைப் பற்றியும், அதன் மையைப் பற்றியும், வீட்டுக் கரைசல்களைப் பற்றியும் கேட்டும் படித்தும் செய்தும் அறிந்தவற்றை நம் வாசகக் குடும்பங்களின் முன் வைக்கிறோம். பிள்ளைகளின் பாடத்தாளுக்காக இப்பொறியை வாங்கி வைத்துள்ள இல்லங்கள் இன்று பல. பங்கு அலுவலகங்களிலும் திருவிழா அறிக்கைகள் இதில்தான் அச்சாகின்றன.

துளித்துளியாக எழுதும் கருவி

இன்க்ஜெட் எனப்படும் இப்பொறி, மையைத் தாளின் மீது அழுத்திப் பதிப்பதில்லை, துளித்துளியாகத் தெளிக்கிறது. இதற்கு நெடிய வரலாறு உண்டு. பிரெஞ்சு நாட்டில் இறையியல் பயின்றவரும் ஆபே நொலே என்று அழைக்கப்பட்டவருமான அறிவியலார், நீர்த்தாரையின் மீது மின்னூட்டம் எவ்வாறு செயற்படுகிறது என்று தாம் ஆராய்ந்தவற்றை 1749-இல் வெளியிட்டார். சுவீடன் நாட்டின் ரூனே எல்ம்குவிஸ்ட், மெல்லிய கண்ணாடிக் குழாயிலிருந்து மைத்தாரையைப் பீய்ச்சி நோயாளியின் இதயத் துடிப்பை வரையும் கருவிக்கு 1951-இல் காப்புரிமை பெற்றார். உடலுக்குள் பொருத்தப்பட்ட முதல் இதய முடுக்கியை 1958-இல் வடிவமைத்தவரும் இவரே. இன்று நம் பிள்ளைகளின் படங்களை அச்சிடும் கலை, ஒரு காலத்தில் மருத்துவமனையில் இதயத்தின் எழுத்தை எழுதியது என்பது எண்ணி வியக்கத்தக்கது.

இன்றைய பொறிகள் இரு வகைப்படும். முதல் வகையில் வெப்பமே மையைத் தள்ளுகிறது. 1977-இல் ஜப்பானின் கேனன் நிறுவன ஆய்வுக்கூடத்தில், சூடான ஈயப்பற்றுக் கோல் ஒன்று மை நிரம்பிய ஊசியில் தற்செயலாகப் பட, மை வெளியே சீறியது. அதிலிருந்தே இம்முறை பிறந்ததாக அந்நிறுவனத்தார் கூறுவர். ஏறத்தாழ அதே காலத்தில் அமெரிக்காவின் ஹியூலெட் பேக்கார்டு நிறுவனத்தாரும் இதே வழியைக் கண்டனர். 1984-இல் அவர்களுடைய 'திங்க்ஜெட்' வெளிவந்தது. நுண்ணிய சூடேற்றி ஒன்று கண்ணிமைக்கும் நேரத்தினும் மிகக் குறைந்த நேரத்தில் மையைக் கொதிக்க வைக்க, அங்கே தோன்றும் குமிழி ஒரு துளியை வெளியே தள்ளுகிறது.

இரண்டாம் வகையில் வெப்பம் இல்லை. மின்சாரம் பாய்ந்தால் சிறிதளவு நெளியும் ஒரு பொருள், மையை அழுத்தித் துளியாக வெளியேற்றுகிறது. எப்சன் நிறுவனம் தன் பொறிகளில் இதனைக் கையாண்டு வருகிறது. அந்த நெளியும் பொருள் எது தெரியுமா? அதுவும் ஒருவகைப் பீங்கானே! ஈயம், சிர்கோனியம், டைட்டானியம் ஆகியவற்றின் ஆக்சைடுகளைச் சேர்த்துச் சூளையில் சுட்டுச் செய்வது. பீங்கான் பொம்மைகளுக்குப் பெயர் பெற்ற விருத்தாசலம், ஸ்ரீமுஷ்ணத்துக்கு அண்மையில்தான் இருக்கிறது. அங்கே சூளையில் வேகும் களிமண்ணின் தூரத்து உறவினர் ஒருவர் நம் மேசை மேலிருக்கும் பொறிக்குள்ளும் உழைக்கிறார் என்று சொல்லலாம்.

துளிகளின் அளவைக் கேட்டால் தலை சுற்றும். ஒரு லிட்டரை ஓர் இலட்சம் கோடிக் கூறுகளாக்கினால் அதில் ஒன்று பிகோலிட்டர். ஒரு மைத்துளி என்பது பெரும்பாலும் சில பிகோலிட்டர் அளவே. அது புறப்படும் துளையின் அகலம், பல பொறிகளில் ஒரு மில்லிமீட்டரின் ஐம்பதில் ஒரு பங்குதான். தலைமுடியின் பருமனிலும் குறைவு. இத்தகைய துளைகள் நூற்றுக்கணக்கில் ஒரே தலையில் வரிசையாக நிற்கின்றன. அவற்றுள் சில அடைபட்டாலும் தாளில் வெள்ளைக் கோடு விழுகிறது.

அடைப்பு எவ்வாறு நேர்கிறது?

மையின் பெரும்பகுதி நீரே. அதனோடு எளிதில் உலராதிருக்கக் கிளிசரின், கிளைக்கால் போன்ற பொருள்களும், நிறம் தரும் பொருளும் சேர்க்கப்படுகின்றன. நிறம் தரும் பொருளைக் கொண்டு மையை இரண்டாகப் பிரிக்கலாம். ஒன்று சாய மை. சர்க்கரை நீரில் கரைவதுபோல் சாயம் இதில் முற்றும் கரைந்திருக்கிறது. மற்றொன்று நிறமி மை. இதில் நிறம் கரையவில்லை. ஒரு மில்லிமீட்டரின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுள்ள துகள்களாக நீரில் மிதந்துகொண்டிருக்கிறது. சாய மையில் அச்சிட்ட தாளில் நீர் பட்டால் எழுத்துப் பரவும். நிறமி மை எளிதில் பரவாது. ஆகவேதான் சான்றிதழ் அச்சிடுவோர் நிறமி மையை விரும்புகின்றனர். பல பொறிகளில் கறுப்பு மட்டும் நிறமி மையாகவும், மற்ற வண்ணங்கள் சாய மையாகவும் அமைந்திருக்கும். மைக்குப்பியின் அட்டையிலோ, பொறியின் கையேட்டிலோ இதனை அறியலாம்.

பொறி ஓய்ந்திருக்கும்போது அச்சுத்தலை ஒரு மூலையில் சென்று தங்கும். அங்கே ஒரு ரப்பர் மூடி அதன் வாயை மூடிக்கொள்ளும். பேனாவுக்கு மூடி எப்படியோ, அப்படியே இதற்கும். அச்சிடும்போது மின்சாரம் நின்றாலும், பொறியிலுள்ள பொத்தானை அழுத்தாமல் சுவரிலுள்ள சுவிட்சை நிறுத்தினாலும், தலை தன் இருப்பிடம் சேராமல் நடுவழியில் நின்றுவிடக் கூடும். மூடியில்லாத பேனாவைப்போல் அதன் வாய் உலர்ந்து, துளையின் முகத்தில் மை பசையாகிப் பிறகு இறுகுகிறது. கத்திரி வெயிலில் பூட்டிய கடைக்குள் ஒரு மாதம் கிடந்தால், மூடியிருந்த தலைகூட உலர்வது வியப்பன்று.

விருத்தாசலம் கற்பித்த பாடம்

வினிகரால் நேர்ந்த கேடு நமக்கு விளங்கியது விருத்தாசலத்தில்தான். அங்கே பீங்கான் பொம்மை செய்யும் பெரியவர் ஒருவரிடம் பேச்சுவாக்கில் இக்கதையைச் சொன்னோம். அவர் சிரித்துவிட்டு, "ஐயா, இதுக்கு மிஷின் படிப்பு எதுக்கு? எங்க மண்ணுக் குழம்பே சொல்லிடுமே" என்று கூறி, இரண்டு குவளைகளைக் கொண்டுவந்தார்.

பொம்மை வார்ப்பதற்குக் களிமண்ணை நீரில் கலந்து குழம்பாக்குவார்கள். வெறும் நீரில் கலந்தால் அது கெட்டியாக நிற்கும். அச்சுக்குள் எளிதில் ஓடாது. சோடியம் சிலிக்கேட் என்னும் காரப்பொருளைச் சில சொட்டுகள் சேர்த்தால், அதே குழம்பு பால்போல் இளகிவிடும். களிமண் துகள்கள் ஒன்றையொன்று விலக்கித் தனித்தனியே மிதப்பதே அதற்குக் காரணம். பெரியவர் இளகிய குழம்பை இரு குவளைகளிலும் ஊற்றினார். ஒன்றில் சிறிது வினிகரை விட்டுக் கலக்கினார். நம் கண் முன்னே அது தயிர்போல் திரண்டது! மற்றக் குவளையிலிருந்த குழம்போ பால்போலவே ஓடிற்று.

"புளிப்புப் பட்டா துகள் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும் ஐயா. உங்க மையும் அப்படித்தான் திரண்டிருக்கும்" என்றார் அவர்.

நிறமி மையும் பொதுவாகச் சற்றுக் காரத்தன்மை உடையதாகவே செய்யப்படுகிறது. துகள்கள் ஒட்டாமல் மிதப்பதற்காகவே அந்த ஏற்பாடு. அதில் அமிலம் பட்டால் துகள்கள் திரண்டு கட்டியாகும். உப்புப் படலத்தைக் கரைக்கும் அதே வினிகர், மையை உறையச் செய்தது. அண்ணன் மகளின் பொறியில் இருந்தது நிறமி மை. கெண்டிக்கு மருந்தானது அதற்கு நஞ்சாயிற்று. அடைத்திருப்பது எதுவென்று அறியாமல் எதையும் ஊற்றலாகாது என்பதே அந்தப் பெரியவரின் இரு குவளைகள் நமக்கு உணர்த்திய உண்மை.

முதலில் நோயை அறிவோம்

எல்லாக் குறையும் அடைப்பினால் வருவதில்லை. ஆகவே எதையும் ஊற்றுமுன் 'நாசில் செக்' எனப்படும் சோதனைத் தாளை அச்சிட்டுப் பார்க்க வேண்டும். எல்லாப் பொறிகளிலும் இவ்வசதி உண்டு.

சோதனைத் தாளில் எல்லாக் கோடுகளும் முழுமையாக இருந்தும் படம் மட்டும் கோணலாகவோ பட்டை பட்டையாகவோ வந்தால், அது தலையின் நேர்நிலை பிசகியதாலோ, தாளின் வகையைத் தவறாகக் குறித்ததாலோ இருக்கலாம். அங்கே கரைசலுக்கு வேலையில்லை.

ஒரு நிறம் அடியோடு இல்லையெனில், முதலில் மைத்தொட்டியைப் பார்க்க வேண்டும். மை கீழ்க்கோட்டுக்கும் கீழே இறங்கியிருந்தால் குழாயில் காற்றுப் புகுந்திருக்கலாம்.

அங்கங்கே கோடுகள் விடுபட்டிருந்தால், சிறிது நேரம் கழித்து மீண்டும் ஒருமுறை அச்சிட்டு இரண்டு தாள்களையும் ஒப்பிட வேண்டும். விடுபட்ட இடங்கள் மாறி மாறி வந்தால் அது பெரும்பாலும் காற்றுக் குமிழியின் குற்றம். அசையாமல் வைத்திருந்தால் தானே சரியாகக்கூடும். ஒவ்வொரு முறையும் அதே இடங்கள் விடுபட்டால்தான் அது உலர்ந்த மையின் அடைப்பு.

அடைப்பென்று தெளிந்தபின், பொறியிலேயே உள்ள 'ஹெட் கிளீனிங்' என்னும் தூய்மைப்படுத்தும் முறையை இரண்டு அல்லது மூன்று முறை செய்யலாம். அதற்கு மேல் தொடர்ந்து செய்வது வீண். ஒவ்வொரு முறையும் மை உறிஞ்சப்பட்டு, பொறியின் அடியிலுள்ள கழிவுமைப் பஞ்சுக்குப் போகிறது. அந்தப் பஞ்சு நிறைந்தால் பொறி நின்றுவிடும். மைத்தொட்டி வகைப் பொறிகளில் மூன்று முறைக்குப் பின்னும் குணம் காணாவிடில், பன்னிரண்டு மணி நேரம் அப்படியே விட்டுவிட்டு மீண்டும் பார்க்குமாறு எப்சன் கையேடுகள் கூறுகின்றன. இறுகிய மையைப் புதிய மை ஊறவைத்து இளக்குவதற்கு அந்த இரவு போதுமானதாக அமைவதுண்டு. பல அடைப்புகளுக்கு மருந்து அந்த மையும் பொறுமையுமே.

வீட்டுக் கரைசல்களின் குணமும் குற்றமும்

இவற்றாலும் குணமாகாதபோதே வீட்டுக் கரைசலை நாட வேண்டும். உத்தரவாதக் காலம் முடியாத பொறியாயின் இதில் இறங்காமல் விற்பனையாளரை நாடுவதே முறை. பலரும் கூறும் பொருள்களை ஒவ்வொன்றாக எடைபோடுவோம்.

முதலாவது, வாலை வடிநீர். மையின் பெரும்பகுதி நீராதலால், நீரே அதற்கு முதல் மருந்து. ஆனால் குழாய் நீரும் கிணற்று நீரும் ஆகா. கொதிக்கவைத்த பாத்திரத்தின் அடியில் வெண்படலம் விடும் நீர், தலைமுடியினும் சிறிய துளைக்குள் என்ன விடும் என்று எண்ணிப் பாருங்கள். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் கடைகளில் கிடைக்கிறது. அதனையே வாங்க வேண்டும். பேட்டரி ஆசிட் என்பது வேறு, அது கையைச் சுட்டுவிடும். மருந்துக் கடையில் ஊசிமருந்து கலக்க விற்கும் தூய நீரும் ஏற்றதே. இதனைக் கை பொறுக்கும் அளவு வெதுவெதுப்பாக்கிக்கொண்டால் மை விரைந்து இளகும். கொதிநீர் கூடாது.

இரண்டாவது, ஐசோபுரோபைல் ஆல்கஹால். இது நீரின் பரப்பு இழுவிசையைக் குறைத்து, நுண்துளைக்குள் எளிதில் புகச் செய்கிறது. சாய மைக்குப் பத்தில் ஒரு பங்கு ஆல்கஹாலும் ஒன்பது பங்கு வடிநீரும் கலந்து பயன்படுத்துவோர் உண்டு. ஆயினும் நிறமி மையில் ஆல்கஹால் மிகுந்தால், துகள்களைத் தாங்கும் பிசின் நிலைகுலைந்து அவை திரளக்கூடும். தலையை இணைக்கும் பசையையும் ரப்பர் மூடியையும் அது கெடுக்க வல்லது. பொறியைத் துடைக்க ஆல்கஹாலோ தின்னரோ பயன்படுத்தலாகாது என்று கையேடுகளிலேயே எச்சரிக்கை காணப்படுகிறது. ஆகவே வடிநீர் தோற்ற பின்னரே இதனை எண்ண வேண்டும். கைகளில் தேய்க்கும் சானிடைசர் இதற்கு மாற்றன்று. அதிலுள்ள கூழ்ப்பொருள் துளையில் தங்கிவிடும்.

மூன்றாவது, கண்ணாடி துடைக்கும் திரவம். அயல்நாடுகளில் இதுவே புகழ்பெற்ற வீட்டு மருந்து. அதிலுள்ள அம்மோனியா காரத்தன்மை உடையதாதலால் நிறமி மையைத் திரளவிடாமல் இளக்குகிறது என்பதே இதன் அடிப்படை. ஆனால் நம் நாட்டில் விற்கும் எல்லாத் திரவங்களிலும் அம்மோனியா இல்லை. அட்டையைப் படித்தே அறிய வேண்டும். இருப்பினும் சம அளவு வடிநீர் கலந்தே சிறிதளவு பயன்படுத்தி, பின்னர் வெறும் வடிநீரால் கழுவிவிட வேண்டும். அம்மோனியா செம்பை அரிக்கும். ஆகவே மின்தொடுமுனைகளில் படலாகாது. இதனோடு பிளீச்சிங் பவுடரோ பிளீச்சிங் திரவமோ ஒருபோதும் சேரக்கூடாது. சேர்ந்தால் மூச்சைத் திணறடிக்கும் நச்சு வாயு எழும்.

நான்காவது, கிளிசரின். இது அடைப்பைக் கரைப்பதில்லை. கரைசல் விரைவில் உலராமல் ஈரமாக இருக்கவே சில சொட்டுகள் சேர்க்கிறார்கள். மிகுந்தால் பிசுபிசுப்பாகிப் புதிய தொல்லை தரும்.

வினிகர், எலுமிச்சைச் சாறு, சோப்பு நீர், மண்ணெண்ணெய், நகப்பூச்சு அகற்றும் திரவம், தையல் இயந்திர எண்ணெய் ஆகியவற்றை அருகிலும் கொண்டுவரலாகாது. ஊசியாலும் குண்டூசியாலும் துளையைக் குத்துவது, கண்ணில் விழுந்த தூசியை முள்ளால் எடுப்பதற்கு ஒப்பாகும்.

செய்யும் முறை

அச்சுத்தலை மைப்பெட்டியிலேயே அமைந்த பொறியாயின் வேலை எளிது. பல சிறிய ஹெச்பி, கேனன் பொறிகள் இவ்வகையின. பெட்டியை வெளியே எடுத்து, ஒரு தட்டில் நான்காக மடித்த டிஷ்யூ தாளை வெதுவெதுப்பான வடிநீரில் நனைத்து வைத்து, துளைகள் உள்ள பக்கத்தை அதன்மேல் இரண்டொரு நிமிடம் மெல்லப் பதிய வைக்க வேண்டும். தாளில் நீலம், செந்நிறம், மஞ்சள் என மூன்று பட்டைகளும் தெளிவாக ஊறி வந்தால் வழி திறந்தது என்று கொள்ளலாம். வராவிடில் புதிய தாளில் மீண்டும் செய்யலாம். செம்பு நிறத் தொடுமுனைகள் நனைந்தால் முற்றும் உலர்ந்த பின்னரே பொறியில் பொருத்த வேண்டும். இதிலும் தோற்றால் புதிய பெட்டியோடு புதிய தலையும் வந்துவிடும்; பேரிழப்பு இல்லை.

தலை பொறியிலேயே நிலையாகப் பொருத்தப்பட்டதாயின் மிகுந்த கவனம் தேவை. எப்சன் நிறுவனம் 2010-இல் இந்தோனேசியாவில் முதன்முதல் வெளியிட்ட மைத்தொட்டிப் பொறிகளும், அவற்றின் வழிவந்தவையும் இத்தகையன. அச்சுச் செலவை வெகுவாகக் குறைத்ததால் இவையே இன்று கடைகளில் பெருகியுள்ளன. ஆனால் இவற்றில் தலை கெட்டால் செலவு பெரிது.

பொறியை இயக்கி, தலை தன் மூலையிலிருந்து நகரும் தருணத்தில் மின்செருகியைப் பிடுங்கிவிட்டால், தலையைக் கையால் மெல்ல நகர்த்தலாம். இழை உதிராத துணியை, மூக்குக்கண்ணாடி துடைக்கும் துணிபோன்றதை, இரண்டு விரல் அகலப் பட்டையாக மடித்து, வடிநீரில் நனைத்துப் பிழிந்து, தலை செல்லும் பாதையில் விரித்து, அதன்மேல் தலையைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். ஒரு மணி நேரம் போதாவிடில், ரப்பர் மூடியின் பஞ்சில் பத்துச் சொட்டு வடிநீர் விட்டு, தலையை அதன்மேல் அமர்த்தி ஓர் இரவு விட்டுவிடலாம். காலையில் ஒருமுறை 'ஹெட் கிளீனிங்' செய்து, சோதனைத் தாளை அச்சிட்டுப் பார்க்க வேண்டும். நேற்றைய தாளைவிட இன்று இரண்டு கோடுகள் கூடுதலாக வந்திருந்தாலும் அது நல்ல அறிகுறி. மறுநாளும் அதையே செய்யலாம்.

தலையின் பின்னே ஒளிபுகும் மெல்லிய நாடா ஒன்று நீளவாக்கில் செல்லும். தலை தான் நிற்கும் இடத்தை அறிவது அதனைக் கொண்டே. அதில் மையோ விரலின் எண்ணெய்ப் பசையோ பட்டால் பொறி தடுமாறும். சிரிஞ்சால் தலைக்குள் நீரை அழுத்திச் செலுத்துவதையும் தவிர்க்க வேண்டும். உள்ளிருக்கும் மென்மையான உறுப்புகள் அந்த அழுத்தத்தைத் தாங்கா. ஆல்கஹால் எளிதில் தீப்பற்றுவதாதலால் அடுப்பருகே வேண்டாம். கரைசல்களைக் குடிநீர்ப் புட்டிகளில் ஊற்றி வைத்துக் குழந்தைகளை ஆபத்துக்கு உள்ளாக்கவும் வேண்டாம்.

வருமுன் காப்போம்

இத்துணை பாடும் இல்லாமல் காத்துக்கொள்ள எளிய வழி உண்டு. வாரத்துக்கு ஒருமுறையேனும், எல்லா நிறங்களும் உள்ள ஒரு பக்கத்தை அச்சிட்டால் துளைகள் உலர்வதில்லை. விடுமுறையில் ஊருக்குச் செல்வோர், பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் இந்த ஒரு வேலையை ஒப்படைத்துவிட்டுப் போகலாம். பொறியை எப்போதும் அதன் பொத்தானைக் கொண்டே நிறுத்தி, தலை மூலைக்குச் சென்று ஓசை அடங்கிய பின்னரே சுவிட்சை நிறுத்த வேண்டும். மின்தடை மிகுந்த ஊர்களில் பொறியை இன்வெர்ட்டர் இணைப்பில் வைப்பது நலம். மின்சாரம் திரும்பியதும் ஒருமுறை இயக்கி முறையாக நிறுத்தினால் தலை தன் மூடிக்குள் சென்றுவிடும். சன்னல் வெயிலும் புழுதியும் படாத இடத்தில் துணி போர்த்தி வைக்க வேண்டும். மை கீழ்க்கோட்டைத் தொடுமுன் நிரப்பிவிட வேண்டும். நிறமி மை இருந்த தொட்டியில் சாய மையையோ, வேறு வகை மையையோ கலப்பது, நாமே அடைப்பை விலைகொடுத்து வாங்குவதாகும்.

அண்ணன் மகளின் கடை இப்போது மீண்டும் நடக்கிறது. புதிய தலையின் செலவில் ஒரு பங்கை நாம் ஏற்றுக்கொண்டோம். அது கடமையே அன்றிக் கொடையன்று. இவ்வாண்டு குளிர்காலத்தில் கறுப்பு மை ஒருமுறை விட்டு விட்டு வந்ததாம். அவள் நம்மை அழைக்கவில்லை. சோதனைத் தாளை இருமுறை அச்சிட்டு ஒப்பிட்டாள், அடைப்பென்று தெளிந்தாள், பத்துச் சொட்டு வடிநீர் விட்டு, இரவு முழுவதும் காத்திருந்தாள். மறுநாள் காலை அச்சிட்ட தாளைப் படமெடுத்து நமக்கு அனுப்பினாள். ஒரு கோடும் விடுபடவில்லை. கீழே ஒரே ஒரு வரி எழுதியிருந்தாள்: "வினிகர் போடல சித்தப்பா!"

சிரித்துக்கொண்டோம், சற்று நாணவும் செய்தோம். பிறர் துன்பத்தில் உதவ விரைவது நல்ல குணமே. ஆனால் விரையுமுன் நோய் இன்னதென்று கேட்டறிவதும் அவ்வுதவியின் ஒரு பகுதியே. நம் இல்லத்துப் பொறி மை உதிர்க்க மறுக்கும் நாளில் மனம் தளர வேண்டாம். கைக்குக் கிடைத்ததை ஊற்றவும் வேண்டாம். தூய நீர் சிறிதும், ஓர் இரவின் பொறுமையும் இருந்தால், மூடிக்கொண்ட துளைகளுள் பல மீண்டும் வாய் திறக்கும்.